கொடிக்கயிறு யார் கையில்?

1

தேசபக்தி பற்றி நம்மிடம் பேச வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். 'எல்லையில பட்டாளத்துக்காரன் பனியில நிக்கிறான். நீங்க என்னடான்னா இங்க சாதி சாதின்னு பேசிக்கிட்டிருக்கீங்க.' 2022 ஆகஸ்டில், வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்ன அந்த மூன்று நாட்களில், அடுத்த கவுண்டரில் உட்கார்ந்து வேலை செய்கிற சங்கத் தோழர் ஒருவர் இதையே என்னிடம் சொன்னார். நான் சட்டையில் கொடி குத்திக்கொள்ளவில்லை என்பதுதான் அவருக்குக் குறை. தபால் ஆபீசில் இருபத்தைந்து ரூபாய்க்குக் கொடி விற்றுக்கொண்டிருந்தார்கள். 'வாங்கக்கூட மனசு வரலையா தோழர்?' என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. வேலைநிறுத்தத்தில் என்னோடு வாசலில் நின்று கோஷம் போட்டவர். அதனால்தான் அவருக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. காவிக்காரன் எவனாவது சொல்லியிருந்தால் விட்டுத் தள்ளியிருப்பேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் துப்பாக்கியோடு நின்றிருந்த ஆர்ம்டு கார்டைக் காட்டினேன். 'எல்லையில நின்னவர் அதோ நிக்கிறாரு. அவரைப் போயி கேளுங்க.'

அவர் நம்ம ஆளு. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். தோழர் சொல்கிற பனி, புத்தகத்தில் படித்த பனி. அவர் நின்ற பனி கால்விரல் இரண்டில் இன்னும் மரத்துக் கிடக்கிறது. அவர் ஊரில் அவருக்கு 'மிலிட்டரி' என்று பேர். கேண்டீன் ரம் வேண்டுமென்றால் ஊர்த்தெருப் பெரிய மனுசர்கள் இருட்டினதும் சேரிக்குள் வருவார்கள். அந்த பாட்டிலுக்குத் தீட்டு கிடையாது. விடிந்ததும் அதே ஆட்கள் டீக்கடை எதிரில் 'எங்கடா போற?' என்பார்கள், இவரை விடப் பத்து வயசு சின்னவனும்கூட.

அவருடைய அம்மா செத்தபோது ஊர்த்தெரு வழியாகப் பாடையைக் கொண்டுபோக விடவில்லை. வாய்க்கால் ஓரமாக, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கித் தூக்கிப் போனார்கள். 'தம்பி, நான் ஆத்தையே பாலம் போட்டு தாண்ட வச்சவன். அன்னிக்கு எங்கம்மாவத் தூக்கிக்கினு வாய்க்காலைத் தாண்ட முடியல' என்று ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

2

'ஒங்க ஆளுங்க வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தவங்கதானே' என்பது இவர்கள் வீசுகிற அடுத்த கல். ஆமாம், இருந்தோம். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்துக் கம்பெனிப் படையில் நின்றவர்களில் மகர்கள் நிறையப் பேர். செத்தவர்களின் பெயர் பொறித்த தூணில் 22 பெயர்கள் மகர்களுடையவை. 1927 ஜனவரி 1-ல் அம்பேத்கர் அந்தத் தூண் முன்னால் போய் நின்றார். இங்கே மதராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள், பதுங்குகுழி வெட்டினார்கள். எந்தத் தேசத்தைக் காட்டிக்கொடுத்தோம் என்கிறீர்கள்? குடிக்கத் தண்ணீர் தராத பேஷ்வாவின் தேசத்தையா?

வெள்ளைக்காரன் நம்மீது அன்பு வைத்தான் என்று சொல்லவில்லை. வேலை முடிந்ததும் அவனும் கைகழுவினான். வீரசாதி என்று ஒரு கணக்கைக் கண்டுபிடித்து, 1890-களின் தொடக்கத்தில் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதை நிறுத்தினான். 1894-ல் கோபால் பாபா வலங்கர் அதை எதிர்த்து மனு எழுதினார். முதல் உலகப்போருக்கு ஆள் பற்றாதபோது 1917-ல் மகர் படை ஒன்றைத் திரட்டினான். போர் முடிந்து 1921-ல் கலைத்தான். இரண்டாம் போர் வந்தபோது 1941-ல் மகர் ரெஜிமெண்ட். 1943-ல் சமார் ரெஜிமெண்ட், அதையும் 1946-ல் கலைத்தாயிற்று. சாவதற்கு ஆள் தேவைப்படும்போது நாம் வீரர்கள், தேவை தீர்ந்ததும் தீண்டப்படாதவர்கள்.

ஆனால் நம் பாட்டன்கள் பட்டாளத்தில் எதைத் தேடினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார். பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். அம்பேத்கர் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில், 1891 ஏப்ரல் 14-ல். ஊர்ப் பள்ளிக்கூடம் கதவைச் சாத்திய காலத்தில் கண்டோன்மெண்டில் எழுத்து கிடைத்தது. சம்பளம் கிடைத்தது, முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடுப்பு கிடைத்தது. 'ஏய்' என்று கூப்பிடாமல் பெயரும் நம்பரும் சொல்லிக் கூப்பிட்டார்கள். பட்டாளத்துக் கதவைச் சாத்தியபோது நம்மிடமிருந்து பிடுங்கப்பட்டது துப்பாக்கி மட்டுமல்ல, சிலேட்டும்தான்.

சுதந்திரம் வந்து இவ்வளவு காலமாயிற்று. சாதிப் பெயரில் ரெஜிமெண்டுகள் இன்னும் இருக்கின்றன. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு இந்து ராஜபுத்திரர், இந்து ஜாட், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று வகுப்பாரிடமிருந்துதான் ஆள் எடுக்கிறோம் என்று 2013-ல் உச்சநீதிமன்றத்தில் ராணுவமே ஒப்புக்கொண்டது. இராணுவச் சிப்பாய் வேலைக்கு நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. கேட்டால் 'பட்டாளத்தில் சாதி இல்லை' என்று பதில் வருகிறது. சாதி இல்லாத இடத்தில் மூன்று சாதிக்கு மட்டும் குதிரை ஏது?

3

இனி கொடிக்கு வருவோம்.

2002 ஜனவரி 26 வரை இந்தக் கொடியைச் சாதாரண ஜனங்கள் நினைத்த நாளில் ஏற்ற முடியாது. அன்றைக்குத்தான் புதிய கொடிச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. 2004-ல் உச்சநீதிமன்றம், மரியாதையோடு கொடி ஏற்றுவது குடிமகனின் கருத்துரிமையில் சேர்ந்தது என்றது. 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி, மிஷினில் தைத்த பாலியெஸ்டர் கொடியையும் ஏற்கலாம் என்றார்கள். 2022 ஜூலையில், ராத்திரியிலும் பறக்கலாம் என்றார்கள். கொடிக்கு இத்தனை சலுகை. அதை ஏற்றுகிற கைக்கு?

திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம். ஓட்டு வாங்கி ஜெயித்து வந்தவர். 2020 ஆகஸ்ட் 15 அன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்து நாறிய பிறகு, ஆகஸ்ட் 20-ல் கலெக்டர் வந்து நின்று அவரை ஏற்றவைத்தார். ஐந்து நாள் தாமதமாக ஒரு ஊருக்கு சுதந்திரம் வந்தது, அதுவும் போலீஸ் ஜீப்பில். அதே வருஷம் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான நம் பெண்ணைத் தரையில் உட்காரவைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படத்தை ஊரே பார்த்தது. 2022-ல் வீட்டுக்கு வீடு கொடி என்று ஒருபக்கம் முழங்கிக்கொண்டிருந்தபோது, தலித் தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடுக்கக்கூடாது என்று தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள் தோழர்களே. ஒரு நாட்டில், நாட்டின் கொடியை ஏற்ற விடுங்கள் என்று சுற்றறிக்கை!

1971-ன் சட்டப்படி கொடியை எரித்தால், மிதித்தால் மூன்று வருஷம் வரை ஜெயில். ஊராட்சித் தலைவரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைதான் என்று 2015-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. கொடியைத் தொட விடாதவன் கொடியை மட்டும்தான் அவமதித்தானா? கொடிக்கு என்றால் கொதிக்கிற ரத்தம் அமிர்தத்துக்கு ஏன் கொதிக்கவில்லை? மேலவளவில் 1997 ஜூன் 30-ல் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றது எதற்காக? ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996-லிருந்து 2006 வரை தேர்தலையே நடத்தவிடாமல் அடித்தார்கள். அவர்களில் ஒருத்தனையாவது தேசத்துரோகி என்று யாராவது அழைத்ததுண்டா?

செத்த பிறகும் விடுவதில்லை. 2016 ஜூனில் காஷ்மீரின் பாம்பூரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் உத்தரப்பிரதேசம் பிரோசாபாத் மாவட்டத்துக்காரர், நட் என்னும் தாழ்த்தப்பட்ட சாதி. உடல் கொடி போர்த்தி ஊருக்கு வந்தது. எரிக்க இடம் தரமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதிக்காரர்கள். அதிகாரிகள் வந்து பேச்சுவார்த்தை நடத்தித்தான் கொஞ்சம் இடம் கிடைத்தது. பெட்டிமேல் போர்த்தியிருந்தது அதே மூவர்ணம்தான். அதனால் அவருடைய சாதியை மூட முடியவில்லை.

4

எங்கள் கிளையில் கொடியேற்றம் எப்படி நடக்கும் தெரியுமா? முந்தின நாள் சாயங்காலம் கம்பத்தைத் துடைத்து, கயிறு மாற்றி, பூவை உள்ளே வைத்துக் கொடியை மடித்துக் கட்டுவது பகுதிநேரத் துப்புரவுத் தொழிலாளியான அம்மா. முடிச்சு லேசாக இழுத்தால் அவிழ வேண்டும், தானாக அவிழக்கூடாது. அந்த வித்தை அவருக்குத்தான் தெரியும். காலையில் மேனேஜர் வந்து இழுப்பார். பூ கொட்டும், கைதட்டல், மிட்டாய். அந்த அம்மா டீ டம்ளர் கழுவிக்கொண்டிருப்பார்.

2022 ஆகஸ்ட் 16 காலையில் வேலைக்குப் போகும்போது பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு ஓரச் சாக்கடையில் பாலியெஸ்டர் கொடிகள் மிதந்தன. கிழிந்த கொடியை மரியாதையோடு தனியிடத்தில் அழிக்க வேண்டும் என்று விதி. அதைக் கடைப்பிடித்தது யார்? கையுறை இல்லாமல் சாக்கடையில் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, வண்டியில் தனியாக வைத்த நகராட்சித் தொழிலாளர்கள். நேற்று நெஞ்சில் குத்தியவர்களின் தேசபக்தியை இன்று பொறுக்கியெடுத்தது அவர்கள்தான்.

அவர்களுடைய ஆட்கள்தான் மலக்குழியில் இறங்கிச் சாகிறார்கள். 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். 2014-ல் உச்சநீதிமன்றம் ஒரு சாவுக்கு பத்து லட்சம் என்றது. 2023-ல் முப்பது லட்சம் என்றது. விலைதான் ஏறியது, சாவு நிற்கவில்லை. ஊரை நோயிலிருந்து காக்க இறங்கிச் செத்தவன் உடம்புக்குக் கொடி போர்த்தியதை நான் பார்த்ததில்லை. அவனும் எல்லையில்தான் நின்றான், உங்கள் வீட்டுக்கும் உங்கள் மலத்துக்கும் நடுவிலிருக்கிற எல்லையில்.

5

இப்போது நம் பசங்களோடு ஒரு சண்டை.

'நாமும் போர்க்குடி, நமக்கும் தனி ரெஜிமெண்ட் வேணும்' என்று போஸ்டர் ஒட்டுகிற தம்பிகளே, அந்த வீரசாதிக் கணக்கில்தான் நம்மைக் கழித்தான் வெள்ளைக்காரன். அதே பலகையில் நமக்கும் ஒரு இடம் கேட்டால் நமக்குக் கீழே இன்னொருத்தனை நிறுத்துகிறோம் என்று அர்த்தம். கோரேகானைக் கொண்டாடுவதில் உள்ள இந்தச் சிக்கலை 2018-லேயே எழுதியவர் ஆனந்த் தெல்தும்ப்டே. அந்தக் கோரேகான் வழக்கிலேயே அவரை 2020 ஏப்ரல் 14 அன்று, அம்பேத்கர் பிறந்தநாளில் சிறைக்கு அனுப்பினார்கள்.

பட்டாளத்துக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேரிப் பசங்க விடியற்காலை நாலு மணிக்கு நெடுஞ்சாலையில் ஓடுவதைப் பார்க்கிறேன். ஆயிரத்து அறுநூறு மீட்டர். அவர்கள் ஓடுவது சோற்றுக்காகவும் மரியாதைக்காகவும். இரண்டும் கேவலமில்லை. ஆனால் 2022-ல் வந்த அக்னிபத் அதிலும் கைவைத்தது. நாலு வருஷம். நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குத்தான் நீடிப்பு. மற்றவர்களுக்கு பென்ஷன் கிடையாது, கையில் ஒரு தொகை. பல வருஷம் நவம்பர் மாதத்தில் பென்ஷன் கவுண்டரில் உட்கார்ந்து, லைப் சர்டிபிகேட்டோடு வந்த பட்டாளத்து விதவைகளைப் பார்த்தவன் நான். அந்தப் பணத்தில் பேரப்பிள்ளைகளை காலேஜ் படிக்கவைத்த நம் ஆயாக்கள் எத்தனை பேர்! அதைப் பறித்தபோது, கொடி குத்திய சட்டைகளில் எத்தனை தெருவுக்கு வந்தன?

1931 ஆகஸ்டில் அம்பேத்கர் காந்தியிடம் நேருக்கு நேராக, தனக்குத் தாய்நாடு இல்லை என்று சொன்னார். அதைச் சொன்னவர்தான் இந்த நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். எழுதி முடித்து, 1949 நவம்பர் 25-ல், ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று அந்த சபையிலேயே கேட்டார். தேசம் இருக்கிறது என்று நடிக்க அவர் மறுத்தார், அதை உண்டாக்க உழைத்தார். என் தேசபக்தி அந்த வகை. பாடை போகப் பாதை கேட்பது அதில் சேரும். கொடிக்கயிறைக் கையில் கொடு என்று அமிர்தம் நின்றது அதில் சேரும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று. 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தல் வந்து, ரிசர்வ் ஊராட்சியில் நம்மவர் ஜெயித்து வருகிற ஊர்களைப் பட்டியல் எடுங்கள். அடுத்து வரும் ஆகஸ்ட் 15-ம் ஜனவரி 26-ம் அங்கே பத்துப் பேராகப் போய் நில்லுங்கள். யார் ஏற்றுகிறார், யார் ஓரமாக நிறுத்தப்படுகிறார் என்று பார்த்து எழுதுங்கள். தடுத்தால் அங்கேயே புகார் எழுதிக் கொடுங்கள்.

பக்கத்துக் கவுண்டர் தோழரையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும், பார்க்கலாம்.