முன்பாரமும் பின்பாரமும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் எண்ணற்ற குடும்பங்கள் வீட்டையே காரின் பின்னால் பூட்டிக்கொண்டு புறப்படுகின்றன. படுக்கை, அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை யாவும் அடங்கிய சிறிய வண்டி அது. அமெரிக்கர் அதனை டிரெய்லர் என்பர். ஆங்கிலேயர் கேரவன் என்பர். கேரவன் என்றதும் நம்மவர்க்குத் திரைப்பட நடிகர்கள் ஓய்வு கொள்ளும் வண்டி நினைவுக்கு வரலாம். நாம் கூறுவது அதுவன்று. இதற்கெனத் தனி இயந்திரம் கிடையாது. குடும்பத்தின் காரை நம்பியே நகர்கிறது.

இவ்வழக்கம் குதிரைகளோடு தொடங்கியது. 1885-ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் முன்னாள் கடற்படை மருத்துவர், பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறையில் ‘வாண்டரர்’ என்ற வீட்டு வண்டியைச் செய்வித்து, இரு குதிரைகள் இழுக்க, ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை பயணமானார். அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று வழி பார்த்தார். பின்னர்க் கார் வந்தது, குதிரை விடைபெற்றது. அமெரிக்காவில் வாலி பையம் என்பவர் 1936-இல் பளபளக்கும் அலுமினியத் தகட்டால் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்னும் வண்டியை வெளியிட்டார். 1969-இல் நிலவிலிருந்து திரும்பிய விண்வெளி வீரர் மூவரும், அறியாத கிருமி எதுவும் அவர்களோடு வந்திருக்குமோ என்ற ஐயத்தால், மாற்றியமைக்கப்பட்ட ஏர்ஸ்ட்ரீம் வண்டி ஒன்றினுள்தான் முதலில் அடைத்து வைக்கப்பட்டனர். குடியரசுத் தலைவர் நிக்சனும் அவர்களைக் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றே வரவேற்க வேண்டியதாயிற்று!

வரலாறு இருக்கட்டும். நம் சிந்தனையைக் கவர்வது, அக்குடும்பங்கள் புறப்படும் காலைப்பொழுது.

வண்டிக்குள் பொருள்களை எங்கே வைப்பது என்பதே முதற் கேள்வி. இதில் உயிர்களே அடங்கியுள்ளன. காரின் பின்புறத்தில் பொருத்திய இரும்புக் குண்டின்மேல் வண்டியின் மூக்கு அமர்கிறது. வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு அந்த மூக்கின் வழியே காரின்மேல் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வழங்கும் கணக்கு. 2000 கிலோ வண்டியாயின் 200 முதல் 300 கிலோ வரை. அளவு நாட்டுக்கு நாடு சற்று மாறினும் விதி ஒன்றே. மூக்கின்மேல் சுமை குறைந்து, வால்புறத்தில் பாரம் மிகுந்தால், வேகமாகச் செல்கையில் வண்டி பாம்புபோல் இருபுறமும் நெளியத் தொடங்கும். நெளிவு முற்றினால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆகவே கனமான பொருள்களைத் தரையோடு தாழ்வாக, அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் வைப்பர். தொட்டியில் 100 லிட்டர் நீர் நிரப்பினால் 100 கிலோ கூடுகிறது. அது வண்டியின் எப்பகுதியில் கூடுகிறது என்பதையும் நினைவிற் கொள்வர்.

இதைக் கேட்டால் நம் ஊர் முதிய வண்டிக்காரர் புன்னகை செய்வார். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை அவர்தாம் நமக்குத் தந்தவர். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தித் தேய்க்கும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் குரல்வளையை நெரிக்கும். இரண்டுக்கும் இடையே நிறுத்தி ஏற்றுவதே கைத்திறன். காளைக்குப் பதில் கார் வந்தும் அந்த அறிவு பழையதாகிவிடவில்லை.

அடுத்தது இணைப்பு. மூக்கு குண்டின்மேல் சரியாக அமர்ந்து பூட்டிக்கொண்டதா என்று பார்த்த பின்னும் இரண்டு சங்கிலிகளை மாட்டுவர். அவற்றை மூக்கின் அடியில் குறுக்காக மாட்டுவர். இணைப்புக் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அச்சங்கிலிகள் தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும். வண்டி முற்றிலும் பிரிந்தோடினால், மெல்லிய கம்பி ஒன்று இழுபட்டு அதன் பிரேக் தானே இறுகும். டயரின் காற்று, சக்கரத் திருகுகள், சமையல் வாயுவின் குழாய், சன்னல், குளிர்ப்பெட்டியின் கதவு, மடிக்க வேண்டிய படி என்று பார்க்க வேண்டியவை பல. சக்கரத்துக்கடியில் வைத்த முட்டுக்கட்டையைக் காருடன் இணைத்த பின்னரே எடுப்பர். இவற்றை நினைவை நம்பிச் செய்வதில்லை. தாளில் எழுதி வைத்து ஒருவர் படிக்க, மற்றவர் பார்ப்பர். இணைப்பவரிடம் அவ்வேளையில் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பேச்சில் கவனம் சிதறினால் ஒரு கொண்டி மறந்துபோகும்.

பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் சிறு வேலையைக் கவனியுங்கள். ஓட்டுநர் தனியே அதனைச் செய்ய இயலாது. அவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் பின்னே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளையும் இதைச் செய்யலாம். அப்பிள்ளையின் சொல்லை நம்பியே தந்தை வண்டியை எடுக்கிறார். புறப்பட்டபின் பின்வண்டியில் எவரும் இருத்தல் கூடாது. பிரிட்டனில் சட்டமே இதைத் தடுக்கிறது. பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் அனைவரும் காரில் ஒன்றாகவே அமர வேண்டும். வழியில் வண்டி நெளியத் தொடங்கினால் பதறிக் காரின் பிரேக்கை மிதிப்பது ஆபத்து. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே தணிய விடுவதே நல்வழி.

நம் இல்லங்களில் பெரும்பாலோர்க்கு இத்தகைய வண்டி வாய்க்கப்போவதில்லை. எனினும் நாமும் வேன் அமர்த்தித் திருமணத்துக்கும் திருத்தலத்துக்கும் புறப்படுகிறோம். அந்தக் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து கட்டுச்சோறு கட்டுபவர் தாய். பிள்ளைகளின் துணிகளை அடுக்குபவர் தாய். பாட்டியின் மருந்தைத் தேடுபவரும் தாயே. மற்றவர்கள் வாசலில் நின்று, “இன்னும் என்ன தாமதம்?” என்று கேட்கின்றனர். வண்டி புறப்படும்போது ஒருவர் முகத்தில் கண்ணீர், மற்றவர் முகத்தில் சினம். எதை மகிழ்ச்சியாகக் கொண்டாடப் புறப்பட்டோமோ, அது முதல் மைல்கல்லைத் தாண்டுமுன்பே பாதி செத்துவிடுகிறது.

இது அம்மா ஒருவர்மேல் ஏற்றிய முன்பாரம். அவர் கழுத்து தேய்கிறது. சுமை ஏதுமின்றி வளர்ந்த பிள்ளையோ பின்னே நெளிந்து ஆடுகிறான். நாம் அன்பு மிகுதியால் பிள்ளைகளின் சுமையைக் குறைத்துவிடுகிறோம். ஆனால், இணைப்பின்மேல் சுமை சிறிதும் இறங்காத வண்டியன்றோ ஆடுகிறது! தம்மை நம்பி ஒரு வேலை விடப்பட்டிருக்கிறது என்ற உணர்வே பிள்ளைகளைக் குடும்பத்தோடு பிணைக்கிறது.

ஆகவே அடுத்த பயணத்துக்கு முன்னாள் மாலையில் அனைவரும் கால் மணி நேரம் கூடி அமருங்கள். வேலைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரை இடுங்கள். மருந்துப் பை மகளுக்கு. தண்ணீர்க் குடம் மகனுக்கு. வாயு அடுப்பையும் பூட்டையும் பார்ப்பது தந்தைக்கு. சிறியவனுக்கும் ஒன்று இருக்கட்டும். அவன் பார்த்துச் சொன்னதை நம்புங்கள். அன்று தாயும் மற்றவர்களோடு ஒரே நேரத்தில் வண்டியில் ஏறி அமர்வார்.