எதையும் தாங்கும் ஒலிபெருக்கி

வீட்டுக் கூடத்தில் ஓரிடத்தில் அமர்ந்து பாடிய வானொலிப் பெட்டியின் இடத்தை, இன்று கையில் தூக்கிச் செல்லும் கம்பியில்லா ஒலிபெருக்கி பல குடும்பங்களில் பிடித்துக்கொண்டுவிட்டது. மொட்டை மாடி, வயல்வெளி, கடற்கரை, சுற்றுலாப் பேருந்து என அது செல்லாத இடமில்லை. ஆதலின் நீர், மணல், கைதவறி விழுதல் ஆகிய மூன்றையும் அது தாங்கியாக வேண்டும். 'எதையும் தாங்கும்' என்று விளம்பரம் உரக்கக் கூறுகிறது. எதை, எவ்வளவு தாங்கும் என்பதையோ அட்டைப் பெட்டியின் ஓரத்திலுள்ள சிறிய எழுத்துகளே கூறுகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால், உழைத்துச் சேர்த்த பணம் ஒரே மழையில் கரைந்து போகாது.

முதலில் காண வேண்டியது 'ஐ.பி.' என்னும் குறியீடு. இதனை வகுத்தது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம். இதில் இரண்டு இலக்கங்கள் உண்டு. முதல் இலக்கம் தூசியைப் பற்றியது. அது 5 எனில், கருவியைக் கெடுக்கும் அளவுக்குத் தூசி புகாது. 6 எனில் அறவே புகாது. இரண்டாம் இலக்கம் நீரைப் பற்றியது. 4 எனில் தெறிக்கும் நீரையும், 5 எனில் பீய்ச்சியடிக்கும் நீரையும் கருவி தாங்கும். 7 எனில் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் பழுதுறாது. இலக்கத்தின் இடத்தில் 'எக்ஸ்' என்றிருந்தால், அந்த வகைப் பாதுகாப்பு குறிப்பிடப்படவில்லை என்பது பொருள். ஆகவே 'ஐ.பி.எக்ஸ் 7' என்பது நீருக்கு உறுதி கூறுகிறதேயன்றி மணலுக்கு உறுதி கூறவில்லை. இரண்டும் வேண்டுவோர் 'ஐ.பி. 67' என்பதைத் தேடுவாராக.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. மூழ்குவதைத் தாங்கும் கருவி பீய்ச்சும் நீரையும் தாங்கும் எனக் கொள்ளலாகாது. அவை வெவ்வேறு சோதனைகள். மேலும், சோதனைகள் நன்னீரில் நடைபெறுவன. உப்புநீரும் சவர்க்கார நீரும் அவற்றில் அடங்கா. கடல்நீர் பட்ட கருவியை, அதன் குறியீடு இடந்தருமாயின், நன்னீரில் மெல்ல அலசி நிழலில் உலர்த்த வேண்டும். மின்னேற்றும் துளை முற்றிலும் காயுமுன் கம்பியைச் செருகுதல் கூடாது. நாளடைவில் ரப்பர் அடைப்புகள் தளரும் என்பதையும், குறியீடு புதிய கருவிக்கே உரியது என்பதையும் மறவாதிருப்போம்.

கீழே விழுவதைப் பற்றி 'ஐ.பி.' இலக்கங்கள் எதுவும் கூறுவதில்லை. எத்துணை உயரத்திலிருந்து போட்டுச் சோதித்தனர் என்று தனியே எழுதப்பட்டுள்ளதா எனக் காண்க. மூலைகளில் தடித்த ரப்பர், முகப்பில் உறுதியான வலை, தூக்குவதற்குப் பிடி அல்லது வார் ஆகியன இருத்தல் நன்று.

அடுத்து, ஒலியின் வலிமை. டேப்ரெக்கார்டர் காலத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று பெரிய எண்களை அச்சிட்டு மயக்கியதைப் பலர் அறிவர். இன்றும் 'உச்ச வாட்' என்ற பெயரில் அம்மயக்கம் தொடர்கிறது. 10 வாட் 20 வாட் ஆனால் ஒலி இருமடங்காவதில்லை. 3 டெசிபல் அளவே கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே சற்றே கூடிய வாட்டுக்காக அதிக விலை கொடுப்பதைவிட, கடையில் ஒலிக்கச் செய்து, சொற்கள் தெளிவாகக் கேட்கின்றனவா என்று அறிவதே மேல்.

இறுதியாக, கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது லித்தியம் மின்கலம். '20 மணி நேரம் பாடும்' என்னும் வாக்குறுதி பெரும்பாலும் நடுத்தர ஒலியளவுக்கே பொருந்தும். முழு ஒலியில் அந்நேரம் வெகுவாகக் குறையும். சில ஆண்டுகளில் மின்கலம் தளர்வது இயல்பு. அதனை மாற்ற இயலாவிடில், நல்ல உடலோடு கருவி முழுவதும் குப்பைக்குச் செல்லும். இதனைத் தடுக்கவே ஐரோப்பிய ஒன்றியம், 2027 பிப்ரவரி 18 முதல் சந்தைக்கு வரும் இத்தகைய கருவிகளில் பயனரே மின்கலத்தை மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டில் பொதுவிதி வகுத்தது. நாமும் வாங்குமுன், 'மின்கலத்தை மாற்ற முடியுமா? எவ்விடத்தில்? என்ன செலவில்?' என்று கேட்போம். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் கருவியை விட்டுவைத்தல் ஆகாது. மின்கலம் உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துக. அதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டா.

மாடியில் மட்டும் பாட்டுக் கேட்போருக்குத் தெறிக்கும் நீரைத் தாங்கும் எளிய கருவி போதும். கடலோரத்திலும் வயலிலும் பயன்படுத்துவோர் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டாலும் அது வீண் செலவாகாது. இடத்தை எண்ணிக் கருவியைத் தேர்ந்தால், பல ஆண்டுகள் அது இல்லத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும்.