மாத்திரை வேளையும் ஜெப வேளையும்

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்ததும், சீருடையோடே வந்து உறவினரின் கட்டிலருகே அமரும் கிறிஸ்தவ அன்பர்கள் பலர், "ஜெபிக்கக்கூட நேரமில்லை, டாக்டர், ஆலயத்துக்கும் போக முடியவில்லை" என்று எங்களிடம் வருந்துவதுண்டு.

தனிஜெபத்துக்கு ஆலயமும் நீண்ட நேரமும் கட்டாயமல்ல. அறைவீட்டின் கதவை அடைத்து அந்தரங்கத்தில் ஜெபிக்கும்படியே இயேசு மலைப்பிரசங்கத்தில் கற்பித்தார். வார்டில் அடைக்கக் கதவில்லையெனில், கண்களை மூடுவதே போதும்.

இரத்த அழுத்த மாத்திரையைத் தலை சுற்றும் நாளில் மட்டும் உட்கொள்வதில் பயனில்லை. ஜெபமும் அவ்வாறே, ஆபத்து நாளுக்கு மட்டும் உரியதன்று, அன்றாட ஒழுங்கு அது. அழுகையும் முறையீடும்கூட ஜெபமே. சங்கீதங்களில் பல அத்தகையவையே.

டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து காயமுற்றார். 1951இல் மறையும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே வலியோடு வாழ்ந்தார். அவர் பூரண குணமடையவில்லை. ஜெபத்தையும் எழுத்துப் பணியையும் விடவுமில்லை. ஆகவே, நோய் தீர்ந்ததா என்பதைக் கொண்டு மட்டும் ஜெபத்தை அளப்பது சரியன்று என்பது எங்கள் கருத்து.

ஒன்றை மட்டும் வேண்டுகிறோம். ஜெபிக்கிறோம் என்பதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருந்து உட்கொள்வது விசுவாசக் குறைவன்று. மாத்திரையைக் கையில் எடுத்ததும் ஒரு நிமிடம் ஜெபியுங்கள். இரண்டும் தவறாது நடைபெறும்.