சிசுவின் கிடக்கையும் பிரசவ இடத்தின் தேர்வும்

பிரசவம் வீட்டில் நிகழலாகாது, மருத்துவ நிலையத்திலேயே நிகழ வேண்டும் என்பது இந்நாட்டுத் தாய்சேய் நலப் பணியின் நெடுங்காலப் பிரசாரமாகும். அப்பிரசாரம் பெரும்பாலும் பலித்துவிட்டது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 88.6 பிரசவங்களும், கர்நாடகத்தில் நூற்றுக்கு 97 பிரசவங்களும் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. ஆகவே இப்பொழுது எழ வேண்டிய வினா, "வீடா, மருத்துவ நிலையமா?" என்பதன்று, "எந்த மருத்துவ நிலையம்?" என்பதாகும். கருப்பையில் சிசு தலை கீழாக அமையாத கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, இவ்வினாவுக்கு உரிய காலத்தில் விடை காணாமையே உயிரிழப்புக்குக் காரணமாகக் கூடும்.

2022 செப்டம்பரில், செங்கல்பட்டு மாவட்டத்தில் சூணாம்பேட்டுக்கு அருகிலுள்ள இல்லீடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிகழ்ந்த ஒரு பிரசவத்தின் விவரம் செய்தித்தாள்களில் வெளிவந்தது. சிசுவின் கால்கள் முதலில் வெளிப்பட்டன. மருத்துவர் அவ்விடத்தில் இல்லை. செவிலியர் தொலைபேசி வழியே மருத்துவரின் அறிவுரையைப் பெற்று முயன்றனர். பின்னர் அப்பெண்மணி மதுராந்தகத்திற்கு அனுப்பப்பட்டபோதிலும் சிசு உயிருடன் கிடைக்கவில்லை. அத்தாய் வீட்டிலேயே இருந்துவிட்டவரல்லர். பிரசாரம் சொன்னபடியே மருத்துவ நிலையத்திற்குச் சென்றவர். அந்நிலையம் அவருடைய தேவைக்குப் போதுமானதாக இல்லை என்பதே குறை. வலி கண்ட பிறகு இக்குறையை நீக்க எவராலும் இயலாது.

கிடக்கை என்று உறுதியாகிறது?

ஏழாம் மாதத் தொடக்கத்தில், அதாவது 28ஆம் வாரத்தில், நான்கு அல்லது ஐந்து சிசுக்களில் ஒன்று பிட்டம் கீழாக இருப்பது இயல்பே. கருப்பையில் அப்பொழுது இடம் இருப்பதால் அவற்றுள் பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிடுகின்றன. பிரசவ காலம் நெருங்கும்போது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு மட்டுமே பிட்டம் முந்திய நிலையில் எஞ்சுகின்றன. குறுக்காகக் கிடப்பவை இன்னும் மிகக் குறைவு. எனவே ஏழாம் மாதத்தில் "குழந்தை திரும்பவில்லை" என்று கேட்டு அஞ்சுவதும், "அப்பொழுதே எல்லாம் சரியாக இருந்தது" என்று ஒன்பதாம் மாதத்தில் சோதனையைக் கைவிடுவதும் ஒருங்கே பிழையாம். முடிவு செய்தற்குரிய காலம் 36ஆம் வாரமாகும்.

அவ்வாரத்தில் பயிற்சி பெற்ற கையே முதற் கருவி. வயிற்றின் மேற்பகுதியில் கெட்டியாகவும் உருண்டையாகவும், தட்டினால் தனித்து அசைவதாகவும் ஒரு பகுதி தென்படுமாயின் அது தலையாதல் கூடும். இதயத் துடிப்பு கொப்பூழுக்கு மேலே தெளிவாகக் கேட்பதும் ஓர் அடையாளம். ஆயினும் கையின் அறிவுக்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1633 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிடப்பெற்ற ஓர் ஆய்வில், தலை கீழிராத சிசுக்களில் பத்தில் ஏழு மட்டுமே கைச்சோதனையால் கண்டறியப்பட்டன. ஆதலின் ஐயம் எழும் இடத்து ஸ்கேன் சோதனைக்கு அனுப்புவதில் தயக்கம் கூடாது.

தலை இறுதியில் வருவதன் இடர்

சிசுவின் உடலில் பெரிய பகுதி தலையாகும். தலை முந்தி வரும் பிரசவத்தில் அது பல மணி நேரம் வழியில் அழுந்தி, வழிக்கேற்ப உருமாறிக்கொள்கிறது. அது வெளிவந்த பின் உடல் எளிதில் நழுவிவிடும். பிட்டம் முந்தினால் இம்முறை தலைகீழாகிறது. சிறிய பகுதிகள் முதலில் வந்துவிட, உருமாற அவகாசமற்ற தலை கடைசியில் வழியைச் சந்திக்கிறது. அந்நேரத்தில் தொப்புள்கொடி தலைக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே நசுங்குவதால் சிசுவுக்குப் பிராணவாயு குறைகிறது. சீர் செய்வதற்குச் சில நிமிடங்களே உண்டு. பாதம் முந்தி வருமாயின் பனிக்குடம் உடைந்தவுடன் கொடி நழுவி வெளியே வரும் அபாயமும் மிகுதி. குறுக்குக் கிடக்கையில் நிறைமாதச் சிசு இயல்வழியே பிறக்க இயலாது. காலந்தாழ்த்தினால் கருப்பையே கிழிந்து தாயின் உயிருக்கும் கேடு விளையும்.

கால் முந்திப் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு நீங்கும் என்று நம்பும் வழக்கம் மக்களிடையே உண்டு. அவ்வாறு பிறந்து வளர்ந்தவரைக் கண்டு பாட்டிமார், "இவன் பிறக்கவில்லையா?" என்று கேட்பர். பிழைத்தவரே கண்முன் நிற்கின்றனர். பிழையாதவர் கணக்கில் வருவதில்லை என்பதைப் பணிவுடன் எடுத்துரைக்க வேண்டும்.

மூன்று வழிகள்

முதலாவது, வயிற்றின் மேல் கைவைத்துச் சிசுவைத் திருப்புதல். 36 அல்லது 37ஆம் வாரத்தில், இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டு, அறுவை அரங்கு ஆயத்தமாக உள்ள மருத்துவமனையில் மகப்பேற்று மருத்துவர் செய்யும் முறை இது. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது பலிக்கிறது. இருநூற்றில் ஒருவருக்கு உடனடி அறுவை தேவைப்படலாம். இரட்டைக் கருவும், இரத்தப் போக்கும், கீழே படிந்த நஞ்சும் உள்ளவர்க்கு இது ஏற்றதன்று. வீட்டில் எண்ணெய் தடவி வயிற்றை நீவித் திருப்ப முயல்வதை இதனோடு ஒன்றாகக் கருதலாகாது. அதனால் நஞ்சு பிரிந்து தாயும் சேயும் ஆபத்துக்குள்ளாகலாம்.

இரண்டாவது, நாள் குறித்துச் செய்யும் சிசேரியன். 26 நாடுகளில் 2088 பெண்களிடம் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற பெரும் ஆய்வில், சிசு மரணமோ கடும் கேடோ சிசேரியன் திட்டமிடப்பட்டவர்களில் நூற்றுக்கு 1.6 ஆகவும், இயல்வழிப் பிரசவம் திட்டமிடப்பட்டவர்களில் 5 ஆகவும் இருந்தது. ஆயினும் ஈராண்டு கழித்து அக்குழந்தைகளில் ஒரு பகுதியினரைச் சோதித்தபோது, இறப்பிலும் வளர்ச்சிக் குறைவிலும் இரு பிரிவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை. மேலும் சிசேரியன் தழும்பு அடுத்த கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடியது என்பதும் மறக்கத்தக்கதன்று.

மூன்றாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு, கைதேர்ந்த மருத்துவரின் மேற்பார்வையில் இயல்வழிப் பிரசவம். பிரான்சு, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் 174 மருத்துவமனைகளில் நடைபெற்று 2006இல் வெளிவந்த ஆய்வு, கண்டிப்பான விதிகளைப் பின்பற்றிய இடங்களில் இம்முறைக்கும் சிசேரியனுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று கண்டது. ஆனால் 2000ஆம் ஆண்டின் ஆய்வுக்குப் பின் இப்பிரசவங்கள் அருகியதால், பயின்ற கைகளும் அருகிவிட்டன.

இம்மூன்றில் எது ஒரு தாய்க்கு உகந்தது என்பதை மருத்துவரும் அத்தாயும் கலந்து முடிவு செய்யட்டும். ஆனால் எவ்வழியாயினும் இடத்தின் தேவை ஒன்றே: அறுவை அரங்கும், மயக்க மருத்துவரும், இரத்தமும், சிசு மருத்துவரும் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும் இடம். அறுவை எல்லார்க்கும் வேண்டியதில்லை. அறுவை வசதி எட்டும் தூரத்தில் இருப்பது எல்லார்க்கும் வேண்டும்.

ஸ்ரீராம்புரத்தின் நிலை

பெங்களூரு நகரின் மேற்பகுதியில் உள்ள ஸ்ரீராம்புரம், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடமாகும். வசதிக் குறைவு என்று சொல்வதற்கு இங்கு இடமில்லை. அப்பகுதியிலேயே மாநகராட்சியின் பரிந்துரை மருத்துவமனை உண்டு. அடுத்துள்ள மல்லேசுவரத்தில் கே.சி. பொது மருத்துவமனை உண்டு. 1935இல் நிறுவப்பெற்ற வாணிவிலாஸ் மகளிர் குழந்தைகள் மருத்துவமனை, மெட்ரோ இரயிலில் அதே தடத்தில் நான்கு நிலையங்களுக்கு அப்பால், கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் நிலையத்தின் அருகே உள்ளது. 2011 முதல் நடைமுறையிலுள்ள ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு நிலையங்களில் பிரசவமும், சிசேரியனும், மருந்தும், ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் வண்டியும் இலவசம்.

ஆயினும் இங்கு இடத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மருத்துவ வசதியன்று, வழக்கமே. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ்க் குடும்பங்களின் மரபு. வளைகாப்பு முடிந்ததும் பெண் திருவண்ணாமலை, வேலூர், தருமபுரி போன்ற மாவட்டங்களிலுள்ள பிறந்தகத்திற்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். வளைகாப்பு ஏழாம் மாதத்தில் நடப்பதுண்டு. சிசுவின் கிடக்கையோ ஒன்பதாம் மாதத்தில்தான் உறுதியாகிறது. முடிவு எடுக்க வேண்டிய வேளையில் அவளை அதுவரை சோதித்து வந்த மருத்துவர் ஓரிடத்திலும், அவள் வேறோரிடத்திலும் இருக்கின்றனர். பெருநகரின் மருத்துவமனைகளுக்கு அருகே வாழ்ந்த பெண், வலி காணும் நேரத்தில் அவ்வசதிகளினின்று வெகுதூரம் விலகியிருக்க நேர்கிறது.

இம்மரபைப் பழிப்பது முறையாகாது. ஒற்றை அறையில் பலர் வாழும் வீட்டினும் தாயின் வீட்டில் ஓய்வும் உணவும் ஆறுதலும் கிடைப்பது உண்மை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் அவசர மகப்பேற்றுச் சிகிச்சை மையங்கள் பல உள. ஆகவே ஸ்ரீராம்புரமா, பிறந்தகமா என்று வாதிடுவதை விட, எங்கிருந்தாலும் 36ஆம் வாரச் சோதனை தவறாமையும், அதன் முடிவுக்கேற்ப இடம் குறிக்கப்படுதலுமே வற்புறுத்தத் தக்கன. தலை திரும்பாதிருப்பின், தாய்வீட்டுக்கு அருகிலுள்ள சிறு நிலையத்தை நம்பியிராமல் மாவட்ட மருத்துவமனையை முன்கூட்டியே நாட வேண்டும். அது இயலாதெனில், பெண் செல்வதற்குப் பதிலாகத் தாய் மகளிடம் வந்து தங்கலாம்.

எல்லாரையும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கு நெரிசல் மிகும் என்பது ஒரு மறுப்பு. நூறு கர்ப்பிணிகளில் மூவர் நால்வரையே இவ்விதி தொடுகிறது. சிறு நிலையங்களில் இயல்பாகப் பிரசவிக்கத்தக்க ஏனையோர் அவ்விடங்களிலேயே பிரசவித்தால், பெரிய மருத்துவமனையில் இம்மூவர் நால்வருக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.

சீட்டும் மொழியும்

2022 நவம்பரில் கர்நாடகத்தின் துமகூருவில், இரட்டைக் கருவுற்றிருந்த ஒரு தமிழ்ப் பெண், தாயி அட்டையும் ஆதாரும் இல்லை என்று அரசு மருத்துவமனையிலிருந்து திருப்பியனுப்பப்பட்டு, தாம் தங்கியிருந்த வீட்டிலேயே இரு சிசுக்களுடன் உயிர்நீத்தார் என்பது நாடறிந்த செய்தி. பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவசர நிலையில் ஆவணம் கேட்டல் கூடாது என்பதும் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. விதி அவ்வாறே இருப்பினும், மாநில எல்லை கடக்கும் கர்ப்பிணிக்கு அட்டை ஒரு கவசம் என்பதில் ஐயமில்லை. கன்னடத்தில் எழுதப்பட்ட குறிப்பு தமிழ்நாட்டுச் செவிலியருக்கும், தமிழ்க் குறிப்பு பெங்களூருச் செவிலியருக்கும் விளங்காமற் போகலாம். ஆதலின் வாரக் கணக்கு, சிசுவின் கிடக்கை, இரத்தப் பிரிவு, முந்தைய அறுவை ஆகிய நான்கையும் இரு மாநிலத்தாரும் வாசிக்கத்தக்க ஆங்கிலத்திலும் எழுதுதல் நலம். அத்துடன் கர்ப்பிணி தன் சிசுவின் நிலையைத் தானே ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

ஆஷா பணியாளரும் துணைச் செவிலியரும் தம் பகுதியில் 36ஆம் வாரம் எய்தும் கர்ப்பிணிகளின் பட்டியலைத் தனியே வைத்திருத்தல் வேண்டும். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் நடைபெறும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைச் சோதனை முகாம் இதற்கு ஏற்ற வாய்ப்பு. ஊருக்குச் சென்றுவிட்டவளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாமல், தொலைபேசியில் அழைத்து, "சோதித்தார்களா? தலை எங்கே இருக்கிறது?" என்று கேட்பது சில நிமிடப் பணியே.

குடும்பத்தார் ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்குமுன் நான்கு வினாக்களைக் கேட்கக் கற்பிக்க வேண்டும்: இரவிலும் சிசேரியன் செய்வார்களா? மயக்க மருத்துவர் எவ்வளவு நேரத்தில் வருவார்? இரத்தம் எங்கிருந்து வரும்? சிசுவைக் காக்கும் பிரிவு அங்கேயே உள்ளதா? அரசு மருத்துவமனையாயினும் தனியார் நிலையமாயினும் இவ்வினாக்கள் பொதுவே.

சிசு திரும்பவில்லை என்று அறியப்பட்டவளுக்குப் பனிக்குடம் உடைந்தால், வலி வரும்வரை காத்திராமல் உடனே 108 வண்டியை அழைத்து, குறித்து வைத்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொடி வெளியே தென்பட்டால் அதை உள்ளே தள்ள முயலாமல், இடுப்பை உயர்த்தி இடப்பக்கமாகப் படுக்க வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். பிட்டம் முந்திய நிலையில் இருந்த குழந்தையின் இடுப்பு மூட்டைப் பிறந்த பின் சோதிக்கச் சொல்வதும் பணியாளரின் கடமையே.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பெற்றோர் கூட்டத்திற்கு வரும் தாய்மாருள் கர்ப்பிணிகளும், விரைவில் பாட்டியாகப் போகிறவர்களும் இருப்பர். பிரசவ இடத்தைப் பற்றிய சொல் வீட்டில் பெரும்பாலும் மூத்தோருடையது. 36ஆம் வாரத்தில் ஒரு சோதனை, அதன் பின்னரே இடத்தின் முடிவு என்னும் இச்சிறு செய்தி அம்மூத்தோரின் செவிக்கு எட்டுமாயின், வளைகாப்பு நாள் குறிப்பதோடு சோதனை நாளும் குறிக்கப்படும்.