வரிக்கு வரி இடம் விடுவோம்!



எடைக்கல்லைப் பற்றியும் வரியைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகிறோம். நம் கடையிலிருந்து தினமும் வெளியே போகிற விலைப்பட்டியலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே விடுகிற இடத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை. சின்ன விஷயம்தான். ஆனால் அதனால் எனக்கு நேர்ந்தது சின்னதல்ல.

ராயகிரியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். காகிதத்தை மிச்சம் பிடிக்க எண்ணி, ஒரு முறை அறுபது சரக்குகளையும் ஒரே தாளில் அடைக்கச் சொல்லிவிட்டேன். டி.டி.பி. செய்த தம்பியும் நான் சொன்னபடியே நெருக்கி அடித்துக் கொடுத்தார். முழு உளுந்தும் உடைத்த உளுந்தும் அடுத்தடுத்த வரிசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. என் கணக்குப்பிள்ளை ஒரு வரிசை தவறிப் பார்த்துச் சிட்டை போட்டுவிட்டார். கிலோவுக்கு 14 ரூபாய் கூடுதல். 30 கிலோ மூடை ஐந்து. மொத்தம் 2,100 ரூபாய்.

வாங்கியவர் இருபது வருஷத்துக்கு மேலாக என்னிடம் சரக்கெடுக்கும் கிராமத்துக் கடைக்காரர். மறுநாள் வந்து, "அண்ணாச்சி, நீங்களுமா?" என்று கேட்டார். பணத்தை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்று முதல் அவர் என் கடைச் சிட்டையை வரி வரியாகக் கூட்டிப் பார்த்த பிறகுதான் மூடையை வண்டியில் ஏற்றுகிறார். அதற்கு முன்பு அவர் அப்படிச் செய்ததே இல்லை. தப்பு கணக்குப்பிள்ளை மேல் இல்லை. இடத்தில் கஞ்சத்தனம் பண்ணிய என் மேல்தான்.

அந்தக் காலத்தில் நாம் பில் புத்தகம் அடிக்கச் சிவகாசிக்குப் போவோம். அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு வரிக்கும் நடுவே மெல்லிய ஈயப் பட்டையைச் செருகுவார். ஆங்கிலத்தில் வரி இடைவெளிக்கு 'லெடிங்' என்ற பெயர் வந்ததே ஈயத்துக்கு அவர்கள் சொல்லும் 'லெட்' என்ற சொல்லிலிருந்துதான். இடம் விடுவது அவர்கள் கைப்பழக்கமாகவே இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு பட்டை போய்விட்டது; பழக்கமும் போய்விட்டது.

நம் தமிழுக்கு இந்த இடம் கூடுதலாகவே வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே உயரத்தில் நின்றுவிடும். தமிழில் புள்ளியும் விசிறியும் மேலே ஏறும். 'து', 'ரு' போன்றவற்றின் வால் கீழே இறங்கும். மேல் வரிசையில் 'துவரம் பருப்பு', கீழ் வரிசையில் 'சீரகம்' என்று நெருக்கி அடித்தால் மேலே உள்ள வாலும் கீழே உள்ள சுழியும் கோட்டில் போய் இடிக்கும். வெள்ளெழுத்துக் கண்ணோடு, மங்கிய விளக்கில், லோடுமேன் அவசரப்படுத்தும்போது படிக்கிறவர் பாடு என்ன ஆகும்? அந்தப் பட்டியலையே செல்போனில் படம் பிடித்து அனுப்பினால் இன்னும் மோசம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர். கடைப் பெயருக்கும் ஓரத்துக்கும் போக 24 சென்டிமீட்டர் மிஞ்சும். அறுபது வரிசை போட்டால் ஒன்றுக்கு 4 மில்லிமீட்டர்தான். 10 பாயிண்ட் எழுத்தே சுமார் மூன்றரை மில்லிமீட்டரைப் பிடித்துக்கொள்ளும். நாற்பது வரிசையோடு நிறுத்தினால் ஒன்றுக்கு 6 மில்லிமீட்டர், அதாவது 17 பாயிண்ட் கிடைக்கும். கண்ணுக்கு அதுவே போதும்.

எக்செல்லில் வரிசை உயரம் வழக்கமாக 15 பாயிண்ட் இருக்கும். 17 அல்லது 18 ஆக்கச் சொல்லுங்கள். வேர்டில் உயரத்தை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்தால் எழுத்தின் தலை வெட்டுப்படலாம். 'அட் லீஸ்ட்' என்று வைக்கச் சொல்லுங்கள். ஐந்து வரிசைக்கு ஒரு முறை சற்றுக் கூடுதல் இடம் விட்டால் கண் தடுமாறாது. விலையைத் தாளின் ஓரத்துக்குத் தள்ளாமல் பெயருக்குப் பக்கத்திலேயே போட வேண்டும்.

இடம் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, பற்பசை, நெய் போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தபோது, கையிலிருந்த பட்டியலைப் பேனாவால் திருத்த எத்தனை பேருக்கு இடம் இருந்தது?

காகிதச் செலவு கூடுமே என்பார்கள். கூடுகிற ஒரு தாளின் விலை ஒரு டீயின் விலைகூட இல்லை. அதையும் மிச்சம் பிடிக்க வேண்டுமானால், கடையில் இல்லாத சரக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இடைவெளியை அளவுக்கு மீறி விடவும் கூடாது. முக்கியமாகச் சிட்டையில் கடைசிச் சரக்குக்குக் கீழே வெற்று வரிசைகள் கிடந்தால், பிறகு யாரும் எதையும் எழுதிச் சேர்த்துவிடலாம். நம் பெரியவர்கள் செய்தது போல் குறுக்கே ஒரு கோடு இழுத்து மூடிவிட வேண்டும்.

அடுத்த முறை பட்டியல் அடிக்கக் கொடுக்கும்போது, அச்சடித்த தாளை முதலில் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து வேகமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் விரல் வைத்துப் படித்தால், வரிசையில் இடம் போதவில்லை என்று அர்த்தம். 2,100 ரூபாயை நான் அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடைக்காரரின் பழைய நம்பிக்கையைத்தான் இன்னும் திரும்பப் பெற முடியவில்லை.