இயல்பான மழை பெய்தும் மக்காச்சோளம் ஏன் பொய்க்கிறது?

"பருவமழை இயல்பு" என்ற செய்தியை நம்பி பெரம்பலூர், அரியலூர் விவசாயிகள் நிம்மதியடைய வேண்டாம். அது மூன்று மாதத்தின் மொத்தக் கணக்கு. மானாவாரி மக்காச்சோளத்தில் விதைத்த 50 முதல் 65 நாட்களுக்குள் பூட்டை வெளிவந்து கதிர் நூல் விடும். அப்போது ஈரம் இல்லையென்றால் மணி பிடிக்காது. அடுத்த வாரம் கொட்டித் தீர்த்தாலும் பயனில்லை. ஆனால் கணக்கில் மழை இயல்பாகத்தான் இருக்கும்.

2016-ல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. 2018-ல் வந்த படைப்புழு வேறு ரகம். மழையற்ற இடைவெளி அதற்குச் சாதகம். கனமழை இளம்புழுக்களைக் கழுவிவிடும்.

ஊருக்கு ஊர் ஆபத்தும் மாறும். திருமானூர் பக்கம் கொள்ளிடக்கரை நெல்லுக்கு வெள்ளம்; செந்துறை, ஆண்டிமடம் முந்திரிக்குப் பூக்கும் சமயத்து மழை.

எனவே உங்கள் வயலிலேயே அளந்து பாருங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவைத் திறந்தவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலால் அளந்து, விதைத்த தேதியோடு நோட்டில் எழுதுங்கள். 15 நாள் தொடர்ந்து மழையில்லாத காலம் எந்தப் பருவத்தில் விழுகிறது என்பது மூன்று, நான்கு ஆண்டுகளில் பிடிபடும். அதைப் பார்த்தே விதைப்புத் தேதியையும் ரகத்தின் வயதையும் முடிவு செய்யுங்கள்.

மக்காச்சோளம் என்றால் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுங்கள்; அக்கம்பக்கத்தாரோடு பேசி ஒரே சமயத்தில் விதையுங்கள். பயிர்க் காப்பீடும் அவசியம். ஆனால் வறட்சி இழப்பீடு உங்கள் வயலை வைத்தல்ல, அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி மகசூலை வைத்தே கிடைக்கும்.