உயிரணுவின் மொழியும் உயிரின் விலையும்!

மனித உடலிலுள்ள உயிரணுக்கள் ஓயாமல் ஒன்றோடொன்று உரையாடிக்கொண்டிருக்கின்றன. ஓர் அணு வெளியிடும் புரதம் இன்னோர் அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியைத் தொடுகிறது. அந்தச் செய்தி அணுவுக்குள் கைமாறிக் கைமாறிச் சென்று மரபணுவை எட்டுகிறது. பெருகு, போரிடு, நிறுத்து, மடிந்துபோ என்று ஏதோ ஒரு கட்டளை நிறைவேறுகிறது. இந்தச் சமிக்ஞைப் பாதைகள் சீராக இயங்கும்வரை உடல் நலமாக இருக்கிறது. கட்டளை தவறினால் காக்க வேண்டிய படையே அழிக்கும் படையாகிறது, அல்லது கைகட்டி வேடிக்கை பார்க்கிறது.

ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் பேசப்பட வேண்டிய செய்தியல்ல இது. கடந்த கால் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கு வந்த விலை உயர்ந்த மருந்துகளில் பலவும் இந்தச் சமிக்ஞைகளை இடைமறிப்பவைதான். ஆகவே, இந்த அறிவியலின் பயன் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பது அரசியல் கேள்வியும்கூட.

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இருவேறு பிழைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, போரிடு என்கிற கட்டளை ஓயாமல் ஒலிப்பது. முடக்குவாதத்தில் நோயாளியின் மூட்டுகளையே எதிரி என்று எண்ணி நோய் எதிர்ப்பு அணுக்கள் தாக்குவது இதனால்தான். கொள்ளை நோய்த்தொற்றின்போது பலர் உயிரிழந்ததற்குக் கிருமி மட்டுமே காரணமல்ல. கிருமியை விரட்டப் புறப்பட்ட அழற்சி அடங்க மறுத்து நுரையீரலையே சிதைத்ததும் காரணம். அழற்சிச் செய்தியை அணுவுக்குள் கடத்தும் "ஜாக்' என்கிற நொதியைத் தடுப்பது பாரிசிட்டினிப் மாத்திரை. முடக்குவாதத்துக்காக உருவாக்கப்பட்ட அந்த மருந்து, தீவிர கொரோனா நோயாளிகளின் உயிரிழப்பைக் குறைக்கிறது என்பது பின்னர் உறுதியானது. உலக சுகாதார நிறுவனமும் 2022 ஜனவரியில் அதைப் பரிந்துரைத்தது.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. "டி' அணுக்கள் எல்லை மீறாமலிருக்க இயற்கையே அவற்றில் தடைக்கருவிகளை அமைத்திருக்கிறது. புற்றுநோய் அணு அந்தத் தடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தாக்குதலிலிருந்து தப்பிவிடுகிறது. அந்தத் தடையை விடுவித்தால் உடலே புற்றுநோயை எதிர்த்துப் போரிடும் என்பதற்கு வழிகாட்டிய அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுக்கு ஹோஞ்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹோஞ்ஜோவின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த மருந்துதான் நிவோலுமாப்.

இனி, இந்தியாவுக்கு வருவோம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லியின் மருத்துவமனை வாசல்களில் உறவினர்கள் ஆக்சிஜனுக்காக மட்டும் அலையவில்லை. அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசிமருந்துக்காகவும் அலைந்தனர். சுமார் 40 ஆயிரம் ரூபாய் விலையுள்ள அந்த மருந்து, கள்ளச்சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்கப்பட்டதை நாடே பார்த்தது.

அதே நேரத்தில் ஹைதராபாதைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம், பாரிசிட்டினிப் தயாரிக்கக் கட்டாய உரிமம் கோரி விண்ணப்பித்தது. அந்த விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கப்படும் முன்பே, காப்புரிமை வைத்திருந்த அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் அடுத்தடுத்து பல இந்திய நிறுவனங்களுக்குத் தானாகவே உரிமம் வழங்க முன்வந்தது. நாட்கோவுக்கும் உரிமம் கிடைத்தது. விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் பயன்படுத்தப்படவில்லை. அது பயன்படுத்தப்படலாம் என்கிற நிலையே கதவைத் திறந்துவிட்டது.

ஆனால், மத்திய அரசு நடந்துகொண்ட விதம்தான் விசித்திரமானது. 2020 அக்டோபரில், தென்னாப்பிரிக்காவுடன் இணைந்து, கொரோனா மருந்துகளுக்கும் தடுப்பூசிகளுக்கும் அறிவுசார் சொத்துரிமைக் கட்டுப்பாடுகளைத் தாற்காலிகமாகத் தளர்த்த வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பில் குரல் கொடுத்தது இந்தியா. அது பாராட்டுக்குரிய நிலைப்பாடு. 2021 ஏப்ரல் 30-இல் உச்சநீதிமன்றம், காப்புரிமைச் சட்டத்தின் 92, 100-ஆவது பிரிவுகளை ஏன் பரிசீலிக்கக் கூடாது என்கிற ரீதியில் சுட்டிக்காட்டியபோது, அத்தகைய நடவடிக்கை எதிர்விளைவை ஏற்படுத்தும் என்று பதில் அளித்ததும் இதே அரசுதான். ஜெனீவாவில் ஒரு பேச்சு, தில்லியில் வேறு பேச்சு என்பது எந்த வகை ராஜதந்திரம்?

சட்டம் பயன்படாது என்று கூறுவதற்கும் வழியில்லை. அணுக்கள் பெருகுவதற்கான சமிக்ஞையைத் தடுக்கும் சோராஃபெனிப் என்கிற மருந்துக்கு 2012 மார்ச்சில் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோயாளிகளுக்கான அந்த மருந்தின் ஒரு மாதச் செலவு சுமார் 2.80 லட்சம் ரூபாயிலிருந்து 9 ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இந்தியா வழங்கிய முதல் கட்டாய உரிமம் அது. இன்றுவரை அதுவே கடைசியும்கூட.

காப்புரிமைகளை மதிக்கவே கூடாது என்பதல்ல நமது வாதம். புதிய மருந்தைக் கண்டறியப் பல ஆண்டு உழைப்பும் பெரும் முதலீடும் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், இந்த மருந்துகளுக்கு அடித்தளமிட்ட அடிப்படை ஆய்வுகளில் பெரும்பகுதி, பல்கலைக்கழகங்களில் மக்களின் வரிப்பணத்தில் நடந்தவை. அலிசனும் ஹோஞ்ஜோவும் பல்கலைக்கழக ஆய்வாளர்களாக இருந்துதான் தங்கள் கண்டுபிடிப்புகளை நிகழ்த்தினர்.

விலையைப்போலவே முக்கியமான இன்னொரு கேள்வி, மருந்தின் அளவு. மும்பையிலுள்ள டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். விலை குறைந்த மாத்திரைகளுடன், மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் ஒரு பிரிவினருக்கு வழங்கப்பட்டது. வழக்கமான அளவில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2022-இல் வெளியான முடிவுகளின்படி, மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகு உயிருடன் இருந்தவர்கள் 16.3%. நிவோலுமாபும் பெற்றவர்களில் அது 43.4%.

புகையிலையால் வாய்ப்புற்றுநோய் மலிந்து கிடக்கும் இந்தியாவுக்கு இதைவிட முக்கியமான ஆய்வு என்ன இருக்க முடியும்? அதே நேரத்தில், இந்த ஆய்வு குறைந்த அளவை முழு அளவுடன் ஒப்பிட்டதல்ல. எந்தப் புற்றுநோய்க்கு எவ்வளவு போதும் என்பதை முடிவுசெய்ய, பெரிய அளவிலான ஒப்பீட்டு ஆய்வுகள் தேவை. அவற்றை யார் நடத்துவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு மருந்தே போதும் என்று நிரூபிப்பதால் எந்த மருந்து நிறுவனத்துக்கும் லாபமில்லை, இழப்புதான். அப்படியிருக்க, அவர்கள் அந்த ஆய்வுக்குப் பணம் செலவழிப்பார்கள் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. அரசு நடத்தினால்தான் உண்டு.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. 2024 ஜூலையில் தாக்கல் செய்யப்பட்ட நிதிநிலை அறிக்கையில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு மாதச் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் செலவாகும் மருந்தின் விலையில் 10% வரியைக் குறைத்தால், வாங்க முடிந்தவருக்குச் சற்று சுமை குறையும். வாங்க முடியாதவர், வாங்க முடியாதவராகவே இருப்பார்.

மத்திய அரசு செய்ய வேண்டியவை மூன்று. குறைந்த அளவு மருந்தின் பயனைக் கண்டறியும் ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மூலம் தனி நிதி ஒதுக்க வேண்டும். டாடா நினைவு மருத்துவமனை முன்னின்று உருவாக்கிய தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக் கூட்டமைப்பு அவற்றை நாடு முழுவதும் நடத்த முடியும். நோய் எதிர்ப்பு மண்டலம் சார்ந்த மருந்துகளையும் அதே கூட்டமைப்பின் மூலம் மொத்தமாகப் பேரம் பேசிக் கொள்முதல் செய்ய வேண்டும். பேரம் படியாத இடத்தில் கட்டாய உரிமம் வழங்கத் தயங்க மாட்டோம் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 1 சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்காக ஒதுக்காத தேசம், உலகின் மருந்தகம் என்று மார்தட்டிக்கொள்வதில் பெருமையில்லை. பிறர் கண்டுபிடித்ததை மலிவாகத் தயாரிப்பது மட்டும் போதாது. நமது நோயாளிக்கு எது தேவை, எவ்வளவு தேவை என்று நாமே ஆராய்ந்து முடிவு செய்தாக வேண்டும்.

உயிரணுவுக்குள் செய்தி போய்ச் சேரச் சில நொடிகளே போதும். மும்பையிலிருந்து தில்லிக்கு வந்து சேர்ந்திருக்கும் செய்தியை ஆட்சியாளர்கள் காதில் வாங்கிக்கொள்ள இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டும்?